படம் நின்ற இடம்

விரல் பட்டதும் படம் நின்றது. திரையில் ஒரு சிறுமி வாய் பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஓரப் பல் ஒன்று விழுந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம் உட்கார்ந்திருந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் வெங்காயத்துக்குத் தாடி போல வேர் இறங்கியிருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஊற்றியதில் வேர் இல்லை, வெறும் மொட்டை. சிறுமியின் கண்ணில் இருந்த பெருமையை வகுப்பின் கடைசி வரிசையில் இருந்துகூடப் பார்க்க முடியும். பதில் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் வரும் பெருமை அது.

"என்ன கவனிச்சீங்க?" என்று படத்தை நிறுத்தியவள் கேட்டாள்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு 'நிறுத்து மேடம்' என்று பெயர். எந்தப் படத்தைப் போட்டாலும் முழுதாக ஓட விடமாட்டாள். நிறுத்துவாள், கேட்பாள், பின்னால் ஓட்டுவாள், மறுபடி நிறுத்துவாள். இவரிடம் கல்யாண வீடியோவைக் கொடுத்தாலும் பாதியில் நிறுத்தி, 'மாப்பிள்ளை இப்போது ஏன் மூக்கைச் சொறிந்தார்?' என்று கேட்பார் என்பது மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வரும் கேலி. அது அவள் காதுக்கும் வந்ததுதான். ஆனால் நிறுத்தாமல் பார்த்தால் அது சினிமா, நிறுத்திப் பார்த்தால்தான் பாடம் என்பது அவள் கட்சி. நாளைக்கு வகுப்புக்குள் போய் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு பிள்ளையின் முகம் மாறும் நொடி தெரியவேண்டும். நிஜ வகுப்பில் அந்த நொடியைப் பிடித்து நிறுத்த முடியாது, வீடியோவில் முடியும்.

பாடத்தின் பெயர் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். அறிவியலைக் கற்பிப்பதோடு, அந்த அறிவியலை வைத்து ஊரில் நடக்கும் அநியாயத்தைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்பதுதான் அதன் சாரம். மாணவர்கள் சுருக்கமாகப் 'போராட்டப் பேப்பர்' என்பார்கள். அதற்கு அவள் வருடா வருடம் போடுவது இந்த ஒரே வீடியோதான். சாய ஆலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், ஓர் அறிவியல் வாத்தியாரும் அவருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் ஊர் வாய்க்கால் தண்ணீரைச் சோதித்த கதை. வெயில் நாளில் எடுத்த தண்ணீரைவிட மழை நாளில் எடுத்த தண்ணீரில்தான் சாயம் அதிகமாக இருந்தது. "மழை பெஞ்சா தண்ணி கூடுது. அப்ப சாயம் குறையத்தானே வேணும்? ஏன் கூடுது?" என்று வாத்தியார் கேட்கிறார். ஒரு பையன் வானத்திலேயே சாயம் இருக்கும் என்கிறான். இன்னொருவன் தனக்குக் காய்ச்சல் அடித்த கதையைச் சொல்கிறான். அப்போதுதான் இந்தப் பிள்ளை எழுந்திருக்கிறாள். "மழை பெஞ்சா தொறந்து விடணும்னு சொல்லி இருக்காங்க சார். தொட்டியில இருக்கற கழிவெல்லாம் மழைத் தண்ணியோட போயிடும், யாருக்கும் தெரியாது. எங்கப்பாதான் சார் போய் வால்வு தொறப்பாரு."

முன் வரிசை நெட்டையன் கை தூக்கினான். "யாருக்குமே பதில் தெரியல மேடம். புஸ்தகத்துலயும் இல்ல. அந்தப் பொண்ணு வீட்ல பாத்தத வெச்சு கண்டுபுடிச்சிட்டா."

"அதான். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். பிள்ளைங்க வீட்ல இருந்து கொண்டு வர்றதும் அறிவுதான். சரி, இப்ப வாத்தியார் என்ன பண்றாருன்னு பாருங்க."

மறுபடி ஓடவிட்டாள். திரை முழுக்கச் சிறுமியின் முகம். வாத்தியார் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்தார். எங்கோ ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. சிறுமி அவர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட மௌனத்துக்குப் பிறகு அவர் குரல் வந்தது. "சரி… உக்காரும்மா."

அவள் நிறுத்தினாள். அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் எதுவோ ஒரு தரம் புரண்டு படுக்கும். அதை வெளியில் காட்டாமல் கேள்வி கேட்க இத்தனை வருடத்தில் பழகிவிட்டாள். ஏனென்றால் அந்த வாத்தியார் அவளுடைய தம்பி. வீடியோ எடுத்தவள் அவள். தம்பி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வகுப்பில் யாருக்கும் இது தெரியாது.

"இந்த மௌனம் எதுக்கு?"

"காத்திருப்பு நேரம் மேடம்," என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. போன வாரம் அவள் சொல்லிக்கொடுத்த சொல். ஒரு பிள்ளை பதில் சொன்னதும் ஆசிரியர் உடனே வாயைத் திறக்கக்கூடாது, சொன்னது வகுப்புக்குள் இறங்க இடம் விடவேண்டும். "ரொம்ப சரி," என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். வருடம் பாதி போயும் தானாக ஒரு வார்த்தை பேசாத பெண்.

"அது காத்திருப்பு நேரம் இல்ல மேடம். சார் பயந்துட்டாரு."

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. "முகமே தெரியலையேம்மா, எப்படி சொல்றே?"

"தெரியும் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டாள்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு, அவள் ப்ரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது ஒரு பழைய ப்ரொஜெக்டர். உயரத்துக்காக அடியில் வைத்திருந்த இரண்டு பழைய பாடப் புத்தகங்களும் சூட்டில் வளைந்து போயிருந்தன. அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"மேடம், அந்தப் பொண்ணு நான்தான்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அந்த முகத்தில் திரையின் முகம் மெல்ல ஏறியது. கண்ணும் புருவமும் அப்படியே இருந்தன. பல் முளைத்து, கன்னம் வற்றி, பின்னல் ஒன்றாகி, இத்தனை நாள் ஜன்னலோரத்திலேயே இருந்திருக்கிறாள். அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாத, வாத்தியார்களுக்கே உரிய சந்தோஷம். வயரைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீயா! ஏம்மா முன்னாடியே சொல்லல? நீயே டீச்சர் ஆகப் போறியா? அவன் இருந்திருந்தா…" அதற்குள் மனம் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. அடுத்த வகுப்பில் இவளை எழுப்பி நிறுத்தவேண்டும். வீடியோவில் கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளை இன்றைக்கு ஆசிரியர். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்? அம்மாவிடம் சொல்லவேண்டும்.

அந்தப் பெண் கையை உருவிக்கொள்ளவில்லை. பிடித்திருந்த கைக்குள் அவள் விரல்கள் விறைப்பாக இருந்தன.

"இனிமே இத காட்டாதீங்க மேடம்," என்றாள். "அது சொல்லத்தான் வந்தேன்."

பிறகு நின்றபடியே சொன்னாள். அழவில்லை. ஒப்பிப்பது போல, வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னாள். வீடியோவை நகராட்சியில் போட்டுக் காட்டினார்கள். பத்திரிகையில் வந்தது. அதிகாரிகள் ஆலைக்குப் போனார்கள். ஆலை மேனேஜர் அப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் அந்த வீடியோவைப் போட்டு, இவள் முகம் வந்த இடத்தில் நிறுத்தி, இது யார் பிள்ளை என்று கேட்டிருக்கிறார். என் பிள்ளை என்று அப்பா சொல்லியிருக்கிறார். யாரும் சொல்லாமல் இந்த ஆள் தானாகவே வால்வைத் திறந்துவிட்டான் என்று ஆலை எழுதிக் கொடுத்தது. எய்தவன் இருக்க அம்பை நோவது ஊருக்குச் சுலபம். வேலை போயிற்று. கழிவைத் திறந்துவிட்டவன் என்ற பேரோடு பக்கத்தில் எந்த ஆலையிலும் வேலை கிடைக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே குஞ்சு வாயால் தவளை கெட்டது என்று எதிர்வீட்டு அம்மாள் இவள் காதுபடச் சொன்னாள். அப்போது இவளுக்குப் பத்து வயது.

"அப்பா உன்னத் திட்டினாராம்மா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் மேடம். வேலை போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிட்டே கேட்டாரு, 'வாத்தியார் கேட்டதுக்கு உனக்கு மட்டும்தான் பதில் தெரிஞ்சுதாமே?'ன்னு. ஆமாம்பான்னேன். 'நல்லாப் படி'ன்னாரு. அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் வேற ஒரு வார்த்த கேக்கல. மழை வந்தா மட்டும் வீட்ல இருக்க மாட்டாரு. எந்திரிச்சு வெளிய போய் நனைஞ்சிட்டு நிப்பாரு. நாங்க யாரும் கூப்பிட மாட்டோம்."

வருடா வருடம் இந்தப் பாடத்தை முடிக்கும்போது அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. ஆலைக்கு நோட்டீஸ் போனது, வாய்க்கால் தெளிந்தது, இந்த ஆசிரியர் அதற்கு விலையாக இடமாற்றம் பெற்றார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாவது கரையேறப் பார்த்தாள்.

"அவனும்தாம்மா கஷ்டப்பட்டான். ஆலைக்காரங்க அவனையும் தூரத்துக்கு மாத்திட்டாங்க."

அவன் என்ற சொல்லில் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சாரோட அக்காதானே? கேமரா வெச்சிருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு." பிறகு தணிந்த குரலில், "மாத்தல மேடம். சார்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தாரு. வாசல்லயே நின்னாரு. அப்பா உள்ள வாங்க சார்னு எத்தனையோ தடவ கூப்பிட்டாரு, வரல. 'இந்த ஊர்ல இனிமே எந்தப் பிள்ளையையும் என்னால கேள்வி கேக்க முடியாது'ன்னு சொன்னாரு. எனக்கு அப்ப அது புரியல," என்றாள்.

"யோசிக்கறேம்மா," என்றாள் அவள். சொல்லி முடிக்கும் முன்னே வெட்கமாக இருந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகளின் செருப்புச் சத்தம் கேட்டதுமே தெரிந்துகொண்டாள். வருடத்தில் இந்த ஒரு நாளை அம்மாவுக்கு யாரும் நினைவுபடுத்தவேண்டியதில்லை. அந்த வீடியோவை அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கமாட்டேன் என்று சாதித்துவிட்டாள். ஆனால் அது வகுப்பில் ஓடும் நாளில் மகள் வாசலில் நுழைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"சிரிச்சானா?"

வெங்காயம் மொட்டையாக இருந்ததைப் பார்த்து ஒரு பையன், 'சார், இதுக்கு முடிவெட்டி விட்டாங்களா?' என்று கேட்கும் இடத்தில் தம்பி சிரிப்பான். தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமில்லாமல் ஆரம்பித்து, கடைசியில் ஒரு சின்ன இருமலோடு முடியும் சிரிப்பு. அவர்களுடைய அப்பா சிரிப்பதும் அப்படித்தான். தம்பியின் குரல் வேறு எங்கும் மிச்சமில்லை. புகைப்படங்கள் இருக்கின்றன, சட்டைகள் இருக்கின்றன, கைக்கடிகாரம் ஒன்று இருக்கிறது. குரல் இருப்பது இந்த வீடியோவில் மட்டும்தான்.

"சிரிச்சான்மா," என்றாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. என் பிள்ளை ஒரு குடும்பத்தைக் கெடுத்தானா என்று அம்மா கேட்டால் என்ன பதில் சொல்வது? கேட்காமலே இருந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. வீடியோவுக்குப் பரிசு கிடைத்த செய்தியை அவள் இனிப்போடு போய்ச் சொன்னபோது, தம்பி புது ஊரில் ஒரு வாடகை அறையில் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அத அழிச்சிடுக்கா," என்றான். தன்னடக்கம் என்று நினைத்தாள். இவனுக்கு எப்போதுமே இப்படித்தான், செய்வதையும் செய்துவிட்டு ஓரமாய்ப் போய் நிற்பான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். சட்டையைப் பிடித்து ஏன்டா என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கேள்வி கேட்பதைப் பிழைப்பாக வைத்திருப்பவள், வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுவதற்கு உட்கார்ந்தாள். சிறுமி எழுந்திருப்பதில் இருந்து உட்காரும் வரை எடுத்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. சிரிப்புக்கு ஒன்றும் ஆகாது, அது முன்னாலேயே வந்துவிடுகிறது. அம்மாவிடம் பொய் சொல்லவேண்டியிருக்காது. வெட்டி, ஒட்டி, ஓட்டிப் பார்த்தாள். தம்பி கேள்வி கேட்கிறான், இரண்டு பையன்கள் எதையோ உளறுகிறார்கள், உடனே வகுப்பு முடிந்து பிள்ளைகள் பாட்டில் கழுவுகிறார்கள். மழை நாளில் ஏன் சாயம் கூடுகிறது என்பதற்குப் பதிலே இல்லை. பதில் சொல்லத் தெரிந்த ஒரே பிள்ளை அந்த வகுப்பில் இருந்ததாகவே இல்லை. அந்தப் பிள்ளையின் அப்பா வேலை இழந்ததும் இல்லை. இத்தனை சுத்தமாக வெட்டிய இடம் தெரியாமல் வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதெல்லாம் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய பேச்சு. அதோடு, "சரி… உக்காரும்மா" போய்விட்டது. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் கை தயங்குகிறதா, அந்தப் பெண்ணுக்காகவா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நேர்மையான பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. சேமிக்காமலே மூடிவைத்தாள்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். பேராசிரியர்கள் மாணவர்களைத் தேடிப் போகும் வழக்கம் அங்கே இல்லை. அலமாரிகளுக்கு நடுவே ஓரிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"நான் இனிமே காட்டலம்மா," என்றாள். "வீட்ல வெச்சுக்கறேன். எங்கம்மாவுக்காக. கிளாஸ்ல போட மாட்டேன். போதுமா?"

அந்தப் பெண் புத்தகத்தை மூடினாள். ராத்திரி சரியாகத் தூங்காத முகம்.

"நான் அப்பாகிட்ட சொன்னேன் மேடம். அத இன்னும் காட்டறாங்கப்பா, நாந்தான் நிறுத்தச் சொல்லியிருக்கேன்னு. இத்தன வருஷத்துல அதப் பத்தி நாங்க பேசினதே நேத்துத்தான்." அவள் புத்தகத்தின் முனையை நகத்தால் நெருடினாள். "அப்பா 'இப்ப யாரு தொறக்கறான்?'னு கேட்டாரு. இப்பவும் மழை வந்தா தண்ணி கலராத்தான் மேடம் போகுது. வேற யாரோ ஒருத்தர் தொறக்கறாரு. அவருக்கும் வீட்ல ஸ்கூல் போற பிள்ளை இருக்கும்."

வாய்க்கால் தெளிந்தது என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்போம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சில மாதம் தெளிந்தது உண்மைதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"அடுத்த வாரம் எனக்கு மாதிரி வகுப்பு இருக்குல்ல மேடம்? அதுக்கு அந்த வீடியோ வேணும். வெட்டாம, முழுசா."

"நீயா போடப் போறே?"

"நீங்க நிறுத்தற எடத்துல நான் நிறுத்த மாட்டேன். அது மட்டும்தான்."

வீடியோ இருந்த பென் டிரைவைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கடன் கேட்டுப் போன இடத்தில் அவர்களே எழுந்து நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி கூச்சமாக இருந்தது.

மாதிரி வகுப்பில் ஒரு மாணவி பாடம் நடத்துவாள், மற்றவர்கள் பிள்ளைகளாகவோ சக ஆசிரியர்களாகவோ உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். அன்று காலையில் இருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஜன்னல் திரையை இழுக்கவேண்டிய அவசியமே இல்லாமல் வகுப்பு இருட்டாக இருந்தது. அந்தப் பெண் ப்ரொஜெக்டருக்கு அடியில் அதே இரண்டு வளைந்த புத்தகங்களை வைத்து, முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, படத்தைத் திரைக்குள் நிறுத்தினாள்.

"இத ஏற்கனவே பாத்தாச்சே," என்றான் நெட்டையன். "அரைச்ச மாவையே அரைக்கப் போறியா?"

"மாவு அதேதான். நீங்க இன்னும் சலிச்சுப் பாக்கல," என்றாள் அந்தப் பெண். வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சில் இருந்தவளுக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பெண் நல்ல வாத்தியாராக வருவாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே நெஞ்சைக் கரித்தது.

வெங்காயங்கள் வந்தன. 'முடிவெட்டி விட்டாங்களா' என்ற பையன் வந்தான். தம்பி தலையைச் சாய்த்துச் சிரித்தான், இருமினான். பிறகு மழைக் கேள்வி. வானத்தில் சாயம், காய்ச்சல் கதை. ஓரத்தில் ஒரு சிறுமி எழுந்திருக்கிறாள். இன்னும் பேசவில்லை. மூச்சை மட்டும் இழுத்துக்கொள்கிறாள்.

அந்தப் பெண் நிறுத்தினாள்.

இந்த இடத்தில் யாரும் நிறுத்தியதில்லை. திரையில் இப்போது இரண்டு பேரும் இருந்தார்கள். வலது ஓரத்தில் சிறுமி, இடது ஓரத்தில் வாத்தியார். அவருடைய வலது கை முழங்கை வரை உயர்ந்திருந்தது. உள்ளங்கை அசைவில் கலைந்து, வெளுத்துப் போய்த் தெரிந்தது. முகம் சிறுமியின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

கடைசி பெஞ்சில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் இந்தக் கையை அவள் பார்த்ததே இல்லை. ஏன் பார்க்கவில்லை என்பதும் உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சிறுமி எழுந்ததுமே முகத்தில் இருந்த ஒளியைப் பார்த்து, கிடைத்தது நல்ல காட்சி என்று அவள் கட்டைவிரல் கேமராவின் பொத்தானை அழுத்தியிருந்தது. படம் சிறுமியின் முகத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போனது. தம்பி படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டான். அவனோடு அந்தக் கையும் போய்விட்டது. அது எங்கே போய் முடிந்தது என்பது இனி எந்த வீடியோவிலும் இல்லை.

"இப்ப நீங்கதான் இந்த வாத்தியார்," என்றாள் அந்தப் பெண். குரல் சீராக இருந்தது. "இந்தப் பொண்ணோட அப்பா எங்க வேல பாக்கறாருன்னு உங்களுக்குத் தெரியும். அவ எந்திரிச்சிட்டா. என்ன சொல்லப் போறான்னும் உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. இன்னும் சொல்லல. என்ன பண்ணுவீங்க?"

வகுப்பில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"சொல்ல விடுவேன்," என்றான் நெட்டையன் கடைசியில். "உண்மைய மறைக்கச் சொல்லிக் கொடுத்தா அப்புறம் நாம எதுக்கு?"

"அவங்கப்பா சோத்துக்கு நீ போவியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "நான் உக்காருன்னு சொல்லிடுவேன். கிளாஸ் முடிஞ்சதும் தனியாக் கூப்பிட்டு கேப்பேன்."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு?"

"அந்தக் கை அவள வான்னு கூப்பிடற மாதிரிதான் இருக்கு."

"இல்ல, உக்காருங்குது. உள்ளங்கை கீழ பாக்குது பாரு."

எல்லோரும் கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தார்கள். உள்ளங்கை மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று அந்த மங்கலில் யாராலும் சொல்லமுடியவில்லை. அப்போது சுவரோரம் இருந்த ஒரு மாணவி, இதுவரை பேசாமல் இருந்தவள், யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"எனக்கென்னமோ அந்தக் கை பொண்ணு பக்கமே இல்லன்னு தோணுது. நம்ம பக்கம் பாக்குது. வீடியோ எடுக்கறவங்ககிட்ட நிறுத்துங்கன்னு சொல்றாரோ என்னவோ."

அந்தப் பெண் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் எடுத்துக்கொண்ட முயற்சி மட்டும் பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்தது. யாரோ வெளியே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். முதல் தூறல் தகரக் கூரையில் விழ ஆரம்பித்திருந்தது. இந்நேரம் ஒரு வீட்டில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் பக்கம் நடந்திருப்பார். இன்னோர் இடத்தில் யாரோ ஒருவர் வால்வைத் திறக்கப் போயிருப்பார்.

"அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று நெட்டையன் கேட்டான்.

"படிச்சிட்டு இருக்கா," என்றாள் அந்தப் பெண்.

பிறகு லேப்டாப்புக்குப் போக ப்ரொஜெக்டருக்குக் குறுக்கே நடந்தவள், பாதியில் நின்றாள். வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. முகத்தில் ஒரு வெங்காயப் பாட்டில் வளைந்து ஒட்டிக்கொண்டது. "மேடம்," என்று முதல் தடவையாகப் பின்னால் பார்த்துக் கேட்டாள். "மேல ஓட்டட்டுமா?"

வகுப்பு மொத்தமும் திரும்பியது. வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள். சிரித்தான் என்று சொல்லலாம். அதற்கு மேல் இன்று அம்மாவிடம் சொல்லவேண்டியது இருந்தது.

"இரும்மா," என்றாள். "கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். மழை வலுத்தது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் தம்பியின் கை திரையில் இருந்து இறங்கி அவள் தோளின் மேல் கிடந்தது. அவள் மூச்சு விடும்போது அதுவும் லேசாக ஏறி இறங்கியது.